அறாத தங்கூசி

தலைக்கு மேல் ஈயக்குண்டைச் சுழற்றும்போது தூண்டில் நரம்பு காற்றைக் கிழித்துக்கொண்டு "உய்ங்" என்று ஒரு சத்தம் போடும். சுழற்சி ஏற ஏற அந்தச் சத்தம் மெலிந்து கூர்மையாகிக்கொண்டே போய், கை விடுகிற கணத்தில் சட்டென்று நின்றுவிடும், அதற்குப் பிறகு வெகுதூரத்தில் தண்ணீரில் குண்டு "டொபக்" என்று விழுகிற வரைக்கும் ஒன்றுமே கேட்காது. அந்த இரண்டு சத்தங்களுக்கும் நடுவில் "டப்" என்று இன்னொன்று கேட்டால் நரம்பு அறுந்துவிட்டது என்று பொருள். அதைக் கேட்டதும் குளக்கரையில் இருக்கிற அத்தனை பேரும் தலையைக் கையால் மூடிக்கொண்டு குனிவார்கள், ஏனென்றால் அறுந்த குண்டு எந்தப் பக்கம் போகும் என்று எறிந்தவனுக்கே தெரியாது. ஒருமுறை அது கரையில் மேய்ந்துகொண்டிருந்த எருமையின் நெற்றியில் பட்டு, அவ்வளவு பெரிய எருமை முன்னங்கால் மடங்கி உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடைக்காலம் அது. சிங்காநல்லூர்க் குளத்துக்குப் பின்பக்கம், மில்காரர்கள் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். "லைன் ஊடு" என்று சொல்வோம். அப்பாவுக்கு மில்லில் டபுளிங் பகுதியில் வேலை, அதாவது இரண்டு ஒற்றை நூல்களைச் சேர்த்து முறுக்கி ஒரே நூலாக்குகிற மெஷின்களுக்கு முன்னால் ஷிப்டு முழுவதும் நிற்கிற வேலை. அந்தக் கோடையில் கரண்ட் அடிக்கடி போய் ஷிப்டுகள் பாதியிலேயே நின்றன, வேலை நின்ற ஆண்களுக்கு வீட்டுக்குள் உட்கார இடமும் இல்லை, உட்காருகிற குணமும் இல்லை. அவர்கள் தூண்டிலை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனார்கள்.

மீன் பிடிப்பது பொறுமைக்காரர்களின் பொழுதுபோக்கு என்று எழுதுகிறவர்கள் எங்கள் குளக்கரைக்கு வந்ததே இல்லை. அங்கே மூங்கில் கழியும் தக்கையும் வைத்துக்கொண்டு மண்புழு கோத்து உட்காருகிறவனைக் கிழவன் என்று கேலி செய்வார்கள். கரையோரமெல்லாம் ஆகாயத்தாமரை பாய் விரித்தாற்போல அடைத்துக் கிடக்கும். அதற்குள் உள்ளங்கை அகல ஜிலேபி மீன்தான் கிடைக்கும். பெரிய கட்லாக்கள் எல்லாம் அந்தப் பச்சைக்கு அப்பால், முன்பு மண் எடுத்த ஆழத்தில் கிடந்தன. ஆகவே கழி உதவாது, கையால் சுழற்றி எறிய வேண்டும், எவ்வளவு தூரம் எறிய முடியுமோ அவ்வளவு தூரம். யார் எறிவது தூரமோ அவன்தான் ஆள். ஒருவன் நரம்பு மேல் இன்னொருவன் நரம்பு விழுந்து சிக்கினால் அதைப் பிரிக்க யாருக்கும் பொறுமை இருக்காது, முதலில் அம்மாவை இழுத்துத் திட்டுவார்கள், பிறகு சட்டையைப் பிடிப்பார்கள், சில நாள் கரையில் கிடக்கிற கல்லையும் எடுப்பார்கள். ஒருநாள் எறியும்போது பின்னால் நின்ற ஒருவரின் காதில் தூண்டில் முள் மாட்டி, அதைக் கழற்றும்வரை பொறுக்காமல் அவரே பிடுங்கியதில் காது மடல் இரண்டாகக் கிழிந்துபோனது. கிழிந்த காதில் மஞ்சளை அப்பிக்கொண்டு மறுநாளும் அவர் வந்து நின்றார். மீன் வந்தால் அதன் தலையைக் கல்லில் ஓங்கி அடிப்பார்கள், துடிப்பு அடங்கிய பிறகும் ஆத்திரம் அடங்காமல் இன்னும் இரண்டு அடி அடிப்பார்கள்.

அந்தக் கரையில் ஒரே பெண்பிள்ளை நான். "பொட்டப்புள்ளைக்குக் கொளத்துல என்ன வேலை" என்று அம்மா கத்துவாள், அப்பா காதில் வாங்க மாட்டார், ஏனென்றால் டின்னை என்னைப்போல யாரும் பிடிக்க மாட்டார்கள். நரம்பைப் பால்பவுடர் டின் ஒன்றில் சுற்றி வைத்திருப்போம். எறிகிறவர் குண்டைச் சுழற்றும்போது அவருக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று, டின்னின் வாய் குளத்தைப் பார்க்கும்படி இரண்டு கையாலும் நீட்டிப் பிடிக்க வேண்டும். குண்டு பறந்ததும் நரம்பு வளையம் வளையமாக டின்னின் வாய்ப்பக்கமாகக் கழன்று ஓடும், ஓடும்போது டின் உள்ளங்கையில் நடுங்கும், அந்த நடுக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கொஞ்சம் சாய்த்தால் வளையம் விளிம்பில் தட்டும். நான் சாய்த்ததில்லை.

நரம்பு என்று நான் சொல்வதைக் கடையில் "தங்கூசி" என்று கேட்டு வாங்குவோம். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும் நைலான் இழை, கையில் வைத்து இழுத்தால் தோலை அறுத்துவிடும். என் ஆள்காட்டி விரல் மடிப்பில் அந்த நாட்களில் விழுந்த வெள்ளைக் கோடு இன்னும் இருக்கிறது.

எங்களோடு எப்போதும் வருகிறவர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, பெயர் செல்வராசு. அதே மில்லில் ஸ்பின்னிங் பகுதியில் "பதிலி". நிரந்தர ஆள் யாராவது வராத நாளில் மட்டும்தான் அவருக்கு வேலை. சைடர் வேலை என்பார்கள். ஓடுகிற மெஷினில் வரிசை வரிசையாக நூல் சுற்றுகிற கதிர்கள் சுழன்றுகொண்டிருக்க, எங்கே நூல் அறுகிறதோ அங்கே ஓடி, முழங்காலால் கதிரை நிறுத்தி, அறுந்த நுனியை எடுத்து வலதுகைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு திருகு திருக வேண்டும், கண் இமைப்பதற்குள் நூல் ஒட்டிக்கொண்டு ஓடிவிடும். புணைப்பது என்பார்கள் அதை. அந்த இரண்டு விரல்களுக்குத்தான் மில் சம்பளம் கொடுத்தது. தீபாவளி நோம்பிக்கு முன்னால் பதிலிகளில் சிலரைப் "பர்மனென்ட்" ஆக்கப்போகிறார்கள் என்று அந்தக் கோடையில் பேச்சு அடிபட்டது. ஸ்பின்னிங் மாஸ்டரே மாமாவின் பெயரைச் சொன்னாராம். பர்மனென்ட் ஆனால் காரமடைப் பக்கம் பேசி வைத்திருந்த பெண்ணைக் கொடுப்பார்கள், ஆகாவிட்டால் கொடுக்க மாட்டார்கள், அவ்வளவு வெளிப்படையாகவே பேசி வைத்திருந்தார்கள். ஆகவே நாங்கள் குளத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் அம்மா தன் தம்பியைப் பார்த்து, "கையி பத்தரம்டா" என்று ஒரு வார்த்தை சொல்லித்தான் அனுப்புவாள்.

அப்பாவும் மாமாவும் டின்னில் நரம்பு சுற்றுகிற விதத்தில்தான் முதலில் முறைத்துக்கொண்டார்கள். மாமா டின்னை ஒரு கையில் அசையாமல் பிடித்து, மறு கையால் நரம்பை அதைச் சுற்றிச் சுற்றிப் போடுவார். பார்க்கத் தாறுமாறாக இருக்கும், ஒரு சுற்று மேலே, ஒரு சுற்று கீழே. அப்பாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஆயுள் முழுவதும் நூல் சுற்றியதைப் பார்த்த மனிதருக்கு அது குடித்துவிட்டுச் சுற்றியது போல இருந்திருக்க வேண்டும். அவர் வீட்டுப் "பொடக்காளி"யில், அதாவது பின்கட்டில் கிடந்த பழைய ராட்டையில் டின்னைச் செருகிச் சுழற்றி, மில்லில் கோன் சுற்றுவது போல வரிசை பிசகாமல், இழைக்கு இழை ஒட்டி, இறுக்கமாகச் சுற்றுவார். கடையில் வாங்கியதை விட அழகாக இருக்கும். கரையிலும் டின்னை உருட்டித்தான் திரும்பச் சுற்றுவார். ஆனால் உருட்டிச் சுற்றிய நரம்பை டின்னின் வாய்ப்பக்கமாக உருவி எறியும்போது கழல்கிற ஒவ்வொரு சுற்றுக்கும் நரம்பில் ஒரு முறுக்கு ஏறும் என்பது அப்பாவுக்குத் தெரியவில்லை. மாமா சுற்றுகிற சுற்றில் முறுக்கு ஏறாது, ஏறினது கழன்றுவிடும். இது எனக்குப் பின்னாளில் தெரிந்தது, மாமாவுக்கு ஏன் என்று விளக்கத் தெரியாவிட்டாலும் கை அறிந்திருந்தது.

அப்பா சுற்றிய டின்னில் நாலு எறி எறிந்தால் போதும், நரம்பு தரையில் கிடக்கும்போதே உயிருள்ளது போல நெளியும், தன்னைத்தானே பின்னிக்கொண்டு முடிச்சு முடிச்சாக நிமிர்ந்து நிற்கும். அடுத்த எறியில் அந்த முடிச்சு டின்னின் விளிம்பில் மாட்டும், "டப்", குண்டும் முள்ளும் இரைக்கு வைத்த மாவு உருண்டையும் போயே போச்சு. அப்பா அப்போதெல்லாம் என்ன செய்வார் என்றால், கையில் மிச்சமிருக்கிற நரம்பைப் பல்லால் கடித்துக் கடித்துத் துண்டாக்கித் துப்புவார். டின்னைப் பாறையில் அடிப்பார். நான் பக்கத்தில் இருந்தால் என் உச்சியில் "ணங்" என்று ஒரு குட்டு விழும். தூரமாக எறிந்தால்தானே மீன், தூரமாக எறிந்தால்தானே அறுகிறது. இந்தக் கண்ணியில் மாட்டிக்கொண்டு அந்த மனிதர் சித்திரை முழுவதும் கொதித்துக்கொண்டிருந்தார். சிக்கு விழுந்தால் பிரிக்கிற வழக்கமும் அவருக்குக் கிடையாது, நரம்பைக் கையில் ஒரு சுற்று சுற்றி வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்டுவார், பிரிந்தால் பிரிந்தது, அறுந்தால் அறுந்தது.

"நீங்க உருட்டிச் சுத்தறதுலதானுங் மச்சான் முறுக்கேறுது" என்று மாமா ஒருநாள் சொல்லிவிட்டார். அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"முறுக்கேறுனா நல்லதுதான்டா. நூலுக்கு முறுக்குதான் பலமே. முறுக்கு பத்தாததாலதான் அந்துபோவுது" என்றார்.

இதை மில்காரர் ஒருவரால்தான் சொல்ல முடியும். விவசாயி சொல்லியிருக்க மாட்டார், கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார். பஞ்சு என்பது விரல்நீளம் கூட இல்லாத பிசிறுகள். அவை ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொள்ளத்தான் முறுக்கு வேண்டும், முறுக்கு இல்லாவிட்டால் ஊதினாலே பறந்துவிடும். தங்கூசி முழுக்க ஒரே இழை, அதற்குள் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது, அதில் ஏற்றுகிற முறுக்கெல்லாம் வெளியே வர வழி தேடிக்கொண்டே இருக்கும். இருபது வருஷம் பஞ்சு நூலோடு இருந்த அப்பாவுக்கு இழை என்றால் ஒரே ஜாதிதான்.

அதற்குப் பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். இரண்டு கட்டுத் தங்கூசி வாங்கி, டிபன் கேரியரின் அடித்தட்டில் சோற்றுக்குப் பதிலாக வைத்து மில்லுக்குள் கொண்டுபோனார். வேலை மந்தமாக இருந்த ஒரு ஷிப்டில், ஆள் பார்க்காத ஓரத்துக் கதிரில் இரண்டு இழைகளையும் மாட்டி, பஞ்சு நூலுக்குக் கொடுக்கிற முறுக்கையெல்லாம் கொடுத்து, ஒற்றை நரம்பாக்கி எடுத்துவந்துவிட்டார். பிடிபட்டிருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பார்கள். மில் மெஷினில் சொந்த வேலை செய்தவன் மறுபடி எந்த மில்லிலும் நுழைய முடியாது. விஷயம் மாமாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அம்மாவுக்குக் கூடச் சொல்லவில்லை.

முதல் நாள் அந்த நரம்பு அப்பாவின் பேச்சைக் காப்பாற்றியது. கனமான குண்டாகக் கட்டி மாமா எறிந்தார், அது ஆகாயத்தாமரைக்கு அப்பால், யாரும் போடாத தூரத்தில் போய் விழுந்தது. கரையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கட்லா மாட்டியது, என் இடுப்பு உயரம் இருக்கும். அதை இழுத்துக் கரையில் போட்டு, அது துள்ளித் துள்ளித் தண்ணீரைப் பார்க்கப் போக, அப்பா மேலே விழுந்து முழங்காலால் அமுக்கிக்கொண்டு கல்லை எடுத்து அடித்தார். செவுளில் இருந்து ரத்தம் அவர் வேட்டியில் பீய்ச்சியது. அவர் சிரித்துக்கொண்டே அடித்தார். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கரையில் வளர்ந்த பிள்ளைக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

"அந்துச்சா? எங்க அந்துச்சு?" என்று அப்பா அன்றைக்குப் பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

அறவில்லைதான். ஆனால் ஏற்கெனவே முறுக்கோடு வந்த நரம்பு எறிய எறிய இன்னும் முறுக்கேறி, அதற்குள் அடங்காமல், ஆங்காங்கே மொட்டு மொட்டாகக் கண்ணி விட ஆரம்பித்தது. டின்னில் சுற்றினால் சுற்று நிற்காது, நான் உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்திருந்தாலும் விரலிடுக்கில் எழும்பி வரும். மாமாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது: குண்டு பறக்கும்போது ஓடுகிற நரம்பை வலதுகைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வளையத்துக்குள் ஓட விட்டு, குண்டு தண்ணீரைத் தொடும் முன் லேசாக அழுத்தி நிறுத்துவார், அப்போதுதான் மிச்ச நரம்பு வழிந்து போய்ப் பாசியில் சிக்காது. சாதா நரம்பில் அது வெண்ணெயில் ஓடுவது போல ஓடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா எறிய மாட்டேன் என்றுதான் நின்றார். கண்ணி விழுந்த நரம்பைத் தூக்கிக் காட்டி, இன்றைக்குப் பழைய நரம்பையே போடலாம் என்று பணிவாகச் சொன்னார். கிழிந்த காதுக்காரர் உட்பட கரையில் எல்லோரும் அன்றைக்கு அந்த எறியைப் பார்க்கவே வந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

"பொட்டச்சியாட்டப் பேசாத. எறிடா" என்றார்.

மாமா குண்டை எடுத்தார். நான் டின்னை நீட்டினேன். "உய்ங்" என்று சத்தம் ஏறியது, எப்போதையும் விட ஒரு சுற்று அதிகமாகச் சுழற்றினார், விட்டார். டின் என் கையில் நடுங்கியது, பிறகு ஒரு கொத்தாக, நாலைந்து வளையம் சேர்ந்து ஒரேயடியாகக் கிளம்பிப் போனதை நான் பார்த்தேன். குண்டு பாதி வழியில் ஏதோ சுவரில் முட்டியது போல நின்று செங்குத்தாக விழுந்தது. நரம்பு மாமாவின் கைக்கு இந்தப் பக்கம், என் டின் வரைக்கும், தொய்ந்து கிடந்தது. மாமா அசையவில்லை, சத்தமும் போடவில்லை, தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கண்ணி அவருடைய ஆள்காட்டி விரலில் விழுந்து இறுகியிருந்தது, அப்பாவுக்கு அது தெரியவில்லை, வழக்கமான சிக்கு என்று நினைத்தவர் தொய்ந்து கிடந்த நரம்பைக் குனிந்து எடுத்து, கையில் ஒரு சுற்று சுற்றி, வெடுக்கென்று சுண்டினார்.

பழைய ஒற்றை நரம்பாக இருந்திருந்தால் குண்டின் வேகத்துக்கே அறுந்திருக்கும், அதில் தப்பினாலும் அப்பாவின் சுண்டலில் அறுந்திருக்கும். இது அறவில்லை. இரண்டாவது கணுவுக்கு மேலே, எலும்பு மட்டும் தடுக்க, சுற்றிலும் உள்ள சதை அறுந்தது. மாமா "உடுங்க மச்சான், உடுங்க மச்சான்" என்று மட்டும் சொன்னார். அப்பா நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும் நரம்பு இறுகித்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் ஒன்றுவிடாமல் சொல்வேன். அப்பா மாமாவிடம் போகவில்லை. என்னிடம் வந்தார். "டின்ன எங்க பாத்துட்டுப் புடிச்ச?" என்று கேட்டுக்கொண்டே கன்னத்தில் விட்ட அறையில் நான் டின்னோடு சரிந்தேன், காதுக்குள் மில் சங்கு ஊதுவது போலக் கேட்டது. மறுபடி கையை ஓங்கியபோது நான் அந்த மணிக்கட்டைப் பிடித்துக் கடித்தேன். விளையாட்டாகக் கடிக்கவில்லை, பல் பதிந்து உப்புக்கரிக்கும் வரைக்கும் கடித்தேன். அவர் என்னை உதறிக் காலைத் தூக்கியபோது மாமா வந்துவிட்டார். வலதுகையை இடுப்பு வேட்டியில் அமுக்கிக்கொண்டு, வேட்டி சிவந்துகொண்டே போக, இடதுகையால் அப்பாவின் வாயில் ஒரு குத்து விட்டார். அப்பாவின் பல் உடைந்தது. தன் அக்காள் புருஷனை எதிரே நின்று பார்க்கக்கூடத் தயங்குகிற மனிதர் அவர்.

"கொழந்தைய அடிக்காதீங்க" என்றார். "முறுக்குனது நீங்க. அது டின்ன நேராத்தான் புடிச்சுது."

ஆட்கள் வந்து பிடித்துக்கொண்டார்கள். யாரோ துண்டைக் கிழித்துக் கட்டி, ஒருவரின் மொபெட்டில் மாமாவை நடுவில் உட்கார வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்பா கரையில் உட்கார்ந்து ரத்தத்தைத் துப்பிக்கொண்டிருந்தார். நான் அவரோடு வீட்டுக்கு நடக்க மாட்டேன் என்று வேறு வழியாக ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் விரலைக் காப்பாற்ற முடியவில்லை, இரண்டு கணுவோடு எடுத்துவிட்டார்கள். அம்மா அங்கிருந்து திரும்பி வந்ததும் அழவில்லை. கோடாலியை எடுத்துப் பொடக்காளிக்குப் போய் ராட்டையைப் பிளந்தாள், பிளந்த கட்டையை அடுப்பில் வைத்து, அதன் மேல் டின்னோடு நரம்பையும் வைத்தாள். தங்கூசி எரியாது, சுருங்கிச் சுருங்கி உருகி ஒழுகும். அந்த நாற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருமினார்கள். அப்பா வாசலில் வாய் வீங்கி உட்கார்ந்திருந்தார். அம்மா அவர் முன்னால் வந்து நின்று, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"ஏனுங்க, நூலு அந்தா என்ற தம்பி எந்த வெரல்லீங்க இனிப் புணைப்பான்?"

அதற்குப் பிறகு வெகுநாள் அம்மா அவரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் தட்டை வைக்கிற சத்தத்திலேயே சொன்னாள்.

மாமா நடுவிரலை வைத்துப் பழகினார். எங்கள் வீட்டுக் கதவு நாதாங்கியில் நூலைக் கட்டி, அறுத்து, கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் வைத்துத் திருகித் திருகி, புண் ஆறாத விரல் அடியில் தட்டும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு, நாளெல்லாம் அதையே செய்தார். நோம்பிக்கு முன்னால் ஸ்பின்னிங் மாஸ்டர் கூப்பிட்டார். ஓடுகிற மெஷினுக்கு முன்னால் நிறுத்தி, அவரே வரிசையாக நூல்களை அறுத்துவிட்டுப் புணைக்கச் சொன்னாராம். மாமா புணைத்தார், ஆனால் ஒன்றைப் புணைப்பதற்குள் அடுத்தது அறுந்து பஞ்சு கொத்தாகப் பறந்தது. மாஸ்டர் மெஷினை நிறுத்திவிட்டு, விரல் எப்படிப் போனது என்று கேட்டிருக்கிறார். சைக்கிள் செயினில் மாட்டிக்கொண்டது என்று மாமா சொன்னார்.

பர்மனென்ட் ஆனவர்களில் மாமா இல்லை, காரமடைப் பேச்சும் அதோடு முடிந்தது. கொஞ்ச நாளில் அவர் ஈரோட்டுக்குப் போய் மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கச் சேர்ந்தார், அந்த வேலைக்கு ஆள்காட்டி விரல் தேவையில்லை.

அப்பா மில்லில் தொடர்ந்து வேலை பார்த்தார். மாமாவின் விரல் எப்படிப் போனது என்று சொந்தத்தில் யார் கேட்டாலும், "புள்ள டின்னச் சாச்சுப் புடிச்சிருச்சு" என்றுதான் சொல்வார். கல்யாண வீட்டில் சொன்னார், இழவு வீட்டில் சொன்னார், என் புருஷனிடமும் சொன்னார். நான் இருந்தால் எழுந்து நின்று மறுப்பேன். அவர் என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார், அவ்வளவுதான். கடைசிவரைக்கும் அந்த வார்த்தையை மாற்றிக்கொள்ளவில்லை.

இப்போது அப்பா இல்லை. மில்லும் இல்லை; அதன் சங்கு நின்று, மெஷின்களை எடைக்குப் போட்டு, இடத்தில் அடுக்குமாடி வீடுகள் எழும்பிவிட்டன, லைன் வீடுகள் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். குளக்கரையில் காலையில் பெரியவர்கள் நடக்கிறார்கள், குண்டைச் சுழற்றுகிற சத்தம் அங்கே கேட்டு வெகுநாளாயிற்று. போன மாதம் உக்கடத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது தூண்டில் சாமான் விற்கிற ஒரு கடைக்குள் சும்மா நுழைந்தேன். கண்ணாடிப் பெட்டியில் அரிசிமணி அளவில் பித்தளைச் சாமான் ஒன்று கிடந்தது, இரண்டு நுனியிலும் வளையம், ஒரு நுனி எவ்வளவு சுழன்றாலும் மறு நுனி சும்மா இருக்கும். "சுவிவல்" என்றார் கடைக்காரர். குண்டுக்கு முன்னால் இதைக் கட்டிவிட்டால் நரம்பில் ஏறுகிற முறுக்கு இதிலேயே கழன்றுவிடுமாம், ரொம்ப நாளாகவே வருகிற சாமான்தானாம். ஒன்றை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் ஈரோட்டு பஸ்ஸில் ஏறினேன்.

மாமா இப்போது மண்டிக்குப் போவதில்லை, மூட்டை தூக்கித் தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. பிந்தித்தான் கல்யாணம் நடந்தது, அத்தை நல்ல மனுஷி. சுவிவலைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் வைத்துச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார், எதற்கு என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு சிரித்தார்.

"இத உங்கொப்பன் கட்டவே உட்டிருக்க மாட்டாரு, அம்மணி. முறுக்குப் போயிரும்னு புடுங்கி வீசியிருப்பாரு."

அவர் எப்போதோ மன்னித்துவிட்டார் என்று அந்தச் சிரிப்பில் தெரிந்தது, எனக்குக் கோபம்தான் வந்தது. நான் அப்பாவை மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை என்று அவரிடம் நேராகவே சொன்னேன். விரலையும் வேலையையும் எடுத்துக்கொண்டு ஒரு குழந்தையின் மேல் பழியைப் போட்ட மனிதரைக் காப்பாற்ற, மாஸ்டரிடம் எதற்கு அந்தச் சைக்கிள் செயின் பொய்யைச் சொன்னீர்கள், டபுளிங் மெஷினில் முறுக்கியதைச் சொல்லியிருந்தால் வேலை போகிற வலி அப்பாவுக்கும் தெரிந்திருக்குமே என்று கேட்டேன். இத்தனை வருஷமாகக் கேட்க நினைத்திருந்த கேள்வி அது.

மாமா சுவிவலை என் உள்ளங்கையில் திருப்பி வைத்தார்.

"ரெண்டு பேரு சம்பளமும் போயிருந்தா நீ என்னத்தத் தின்னிருப்பே, கண்ணு" என்றார்.

உள்ளே இருந்து அத்தை சாப்பிடக் கூப்பிட்டார். போய் உட்கார்ந்தேன், போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.